விருந்திற்குரிய பயறு: கோசுமல்லியும் துவையலும்

விருந்தோம்பல் தமிழர்க்குரிய நற்குணங்களுள் தலையாயது என்று நாம் மேடைதோறும் பேசி மகிழ்கின்றோம். திருவள்ளுவனாரும் அதற்கென ஓர் அதிகாரம் வகுத்தருளினார். ஆயினும், விருந்தினர் முன்னர் வைக்கப்படும் உணவு எத்தன்மையது, அஃது எம்முறையில் ஆக்கப்படுகிறது, அதனுள் அடங்கிக் கிடக்கும் இயற்கை விதிகள் யாவை என்று ஆராய்வோர் மிகச் சிலரே. சமையல் வீட்டுப் பெண்டிர்க்கே உரியதென்றும், ஆராய்ச்சி கல்லூரிக் கூடங்களுக்கே உரியதென்றும் பிரித்து, இடையே ஒரு சுவரையும் எழுப்பிவிட்டோம். அச்சுவர் வேண்டுவதன்று. அடுக்களையும் ஓர் இரசாயன சாலையே. அங்கே நாள்தோறும் சோதனைகள் நிகழ்கின்றன. அவற்றின் முடிவை நம் வயிறே முதலில் அறிகிறது.

இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. பயறும் பச்சைக் காய்கறியும் சேர்த்து விருந்திற்கென ஆக்கப்படும் எளிய பதார்த்தங்களே அது. மேல்நாட்டார் தம் விருந்துகளில் வேகவைத்த பயற்றை மசித்துக் கிண்ணத்தில் வைத்து, நறுக்கிய காய்கறித் துண்டுகளை அதில் தோய்த்து உண்பர். அராபிய நாடுகளில் கொண்டைக்கடலையை எள் விழுதோடும் எலுமிச்சஞ் சாற்றோடும் மசித்த ‘ஹம்மூஸ்’ என்பது பெயர் பெற்றது. இப்பொழுது சென்னை அடையாற்றிலும் தியாகராய நகரிலும் உள்ள கடைகளில் அத்தகைய பண்டங்கள் அழகிய டப்பாக்களில் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை விலக்குக என்று கூறுவது எமது நோக்கமன்று. ஆயினும், அவ்வினத்தைச் சேர்ந்த பதார்த்தங்கள் நம் வீடுகளிலேயே நெடுங்காலமாக வழங்கி வருகின்றன என்பதையும், அவற்றை ஆக்குவதில் கருத்தூன்றிக் கொள்ளவேண்டிய சில உண்மைகள் உள என்பதையும் எடுத்துக்காட்டவே விழைகின்றோம். அவ்வுண்மைகளைப் புறக்கணித்தால் சுவை மட்டுமன்றி, விருந்தினரின் உடல் நலமும் கெடும்.

மயிலையில் வழங்கும் முறை

திருமயிலையின் ஓராண்டுக் காலத்தை உற்று நோக்குவோர்க்கு ஒரு வியப்பு விளங்கும். பருவந்தோறும் அங்கே ஒரு பயறு முன்வந்து நிற்கின்றது. மார்கழி, தை மாதங்களில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்த மாடவீதிகளில், தெற்கு மாடவீதியில் சிறப்பாக, காய்கறி விற்போர் பச்சை மொச்சையைக் குவித்து வைப்பர். பொங்கலை ஒட்டிக் கரும்பு, மஞ்சட்கொத்து, பூசணிக்காய் இவற்றோடு மொச்சையும் வீடு செல்லும். வெயில் ஏறத் தொடங்கும் பங்குனி, சித்திரையில் இராமநவமி வரும். அப்பொழுது பானகமும் நீர்மோரும் ஊறவைத்த பயத்தம்பருப்பும் வழங்கப்பெறும். பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று திரளும் மக்களுக்கு மயிலைவாசிகள் பந்தலிட்டு மோரும் உணவும் அளிப்பதை நகரம் முழுவதும் அறியும். புரட்டாசி, ஐப்பசியில் நவராத்திரி வந்ததும் வடக்கு மாடவீதியில் கொலுப் பொம்மைகள் பரப்பப்படும். வீடுதோறும் நாளுக்கு ஒரு சுண்டல் ஆகும்.

இம்மூன்று பருவங்களுக்கும் இயைந்த மூன்று முறைகளை நம் முன்னோர் கைக்கொண்டனர். நீரில் ஊறவைத்து அப்படியே உண்பது ஒன்று, அதுவே கோசுமல்லி. கோசுமரி என்போரும் உளர். கன்னட நாட்டார் கோசம்பரி என்பர். நெருப்பில் வேகவைத்துத் தாளிப்பது மற்றொன்று, அது சுண்டல். வறுத்தோ வேகவைத்தோ கல்லிலிட்டு அரைப்பது மூன்றாவது, அது துவையல். மேல்நாட்டார் தோய்த்துண்ணும் பயற்று மசியலுக்கு நம்மிடையே மிக நெருங்கிய உறவு இத்துவையலே. சோற்றிற்குத் துணையாகவே நாம் அதனைக் கொண்டமையால், விருந்தின் நடுவே தனியே வைக்கத் தகும் பண்டமென்று கருதாது விட்டோம்.

எம்முறையை எப்பொழுது கொள்வது என்பதும் கருதத் தக்கது. திருமணப் பந்தியில் இலையிட்டவுடன் அனைவரும் ஒருங்கே உண்பர்; ஆதலின், ஆக்கிய உடனே உண்ணவேண்டிய கோசுமல்லி அங்கே பொருந்தும். கொலுவிற்கு வருவோரோ மாலை முழுவதும் ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டேயிருப்பர். எத்துணைப் பேர் வருவர் என்பது வீட்டார்க்கே தெரியாது. அங்கே நீரற்றதும் நன்கு வெந்ததுமாகிய சுண்டலே ஏற்றது; அதனையும் சிறிது சிறிதாகத் தாளித்துக் கொடுப்பது அறிவுடைமை. நண்பர் சிலர் கூடி அமர்ந்து நெடுநேரம் உரையாடும் சிற்றுண்டி விருந்திற்குத் துவையலும் காய்கறித் துண்டுகளும் இனிது அமையும். வழக்கம் என்று நாம் எண்ணுவதில் இத்தகைய நுண்ணறிவு பொதிந்து கிடக்கின்றது.

பயறுகளின் இயல்பு

‘பயறுதானே, எதுவாயின் என்ன?’ என்று கருதுவது பெரும் பிழை. ஒவ்வொரு பயறும் தன் விதையைப் பூச்சி, விலங்கு முதலியவற்றினின்று காத்துக்கொள்ளச் சில பொருள்களைத் தன்னகத்தே சேர்த்து வைக்கின்றது. அவற்றுட் சில நமக்குத் தீங்கு செய்வன. ஊறலாலும் வேதலாலும் அவற்றை நீக்குவதே சமையலின் முதற்கடமை.

தோல் நீக்கி உடைத்த பயத்தம்பருப்பு இவற்றுள் மிகவும் சாதுவானது. ஏனைய பயறுகளினும் எளிதிற் செரிக்கும். அரைமணி முதல் ஒருமணி நேரம் ஊறினால் நகத்தாற் கிள்ளுமளவு மெத்தென்று ஆகிவிடும். அதனாலேயே வேகவைக்காத கோசுமல்லிக்கு நம் பெரியோர் அதனைத் தேர்ந்தனர். கருநாடகத்தார் கடலைப்பருப்பையும் ஊறவைத்து அவ்வாறு ஆக்குவதுண்டு.

இதற்கு நேர்மாறானது சிவந்த ராஜ்மா. லெக்டின் எனப்படும் ஒருவகைப் புரதம் அதன்கண் மிகுதியாக உள்ளது. வேகாத ராஜ்மாவிற் சிலவற்றை உண்டவரும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் பேதியும் கொள்வர். இதன்கண் ஒரு வியப்பும் உண்டு. கொதி வராமல், 80 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நெடுநேரம் வைத்திருந்தால் அந்நச்சுத்தன்மை குறைவதற்கு மாறாக மிகுவதும் உண்டு. எனவே இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் குறைந்தது பத்து நிமிடமேனும் நன்கு கொதிக்கவிட்டு, அதன்பின் மெத்தென்று ஆகும்வரை வேகவைத்தல் வேண்டும். ‘இளஞ்சூட்டில் மெல்ல வேகட்டும்’ என்னும் பொறுமை பிற இடங்களில் நன்று, இங்கே தீது.

மொச்சைக்கு வேறொரு குணம் உண்டு. மொச்சையும் அவரையும் தாவர நூலார் கருத்தின்படி ஒரே இனத்தைச் சேர்ந்தவை. அவற்றின் விதையில், ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சைப் பிறப்பிக்கவல்ல பொருள் உள்ளது. அது முற்றி உலர்ந்த விதையில் மிகுதி. பச்சைக் கொட்டையிற் குறைவு. இந்நஞ்சு ஏறத்தாழ 26 டிகிரி செல்சியஸிலேயே ஆவியாகும் இயல்பினது. ஆதலின் உலர்ந்த மொச்சையை ஊறவைத்து, ஊறிய நீரை நீக்கி, நிறைய நீர்விட்டுத் திறந்த பாத்திரத்திற் கொதிக்கவைத்து, வெந்த நீரையும் வடித்துக் கொட்டுவராயின் அச்சம் வேண்டுவதில்லை. நம் வீடுகளில் மொச்சைக்கு முதல் நீரை வடித்துவிடும் பழக்கம் உண்டு. ‘சத்தெல்லாம் நீரோடு போகின்றதே’ என்று அதனைக் குறைகூறும் இளைஞர், அந்நீரோடு போவது சத்து மாத்திரம் அன்று என்பதை அறிதல் நலம்.

அயல்நாட்டுச் சமையல் நூல்களைப் பார்த்துச் செய்வோர்க்கு ஈண்டு ஓர் எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘பீன்’ என்னும் ஒரே சொல் பல இனங்களைக் குறிக்கும். இத்தாலியர் இளவேனிற் காலத்தில் ‘பாவா’ என்னும் ஒருவகை இளங்கொட்டையைப் பச்சையாகவே உண்பர். அஃது எகிப்து முதலிய நாடுகளிற் பெருவழக்காயுள்ள வேறொரு பயிர். நம் மொச்சை அன்று. அதனையும் எல்லாரும் உண்ண இயலாது. பிறவியிலேயே ஒரு நொதிக் குறைபாடு உடைய சிலர்க்கு அதனால் குருதியின் சிவப்பணுக்கள் சிதைந்துபோம். ‘புதிய பீன்’ என்று அந்நூலிற் கண்டு, மாடவீதி மொச்சையை வேகவைக்காமல் அரைத்து விருந்தினர்க்கு வைப்பவர், சொல்லை மொழிபெயர்த்தாரேயன்றிப் பொருளை மொழிபெயர்த்தாரல்லர்.

இனி, முளைகட்டிய பயறு பற்றியும் ஒரு சொல். அதன் நன்மைகள் பலவாகப் பேசப்படுகின்றன, அவை பொய்யல்ல. ஆனால், விதை முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும் நோய்க்கிருமிகள் பெருகுவதற்கும் வேண்டியனவே. 2011ஆம் ஆண்டில் ஜெர்மனியில் வெந்தய முளைகளை உண்டதன் வாயிலாகப் பரவிய ஒரு கொடிய கிருமியால் மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஐம்பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். தூய்மைக்குப் பேர்போன ஒரு நாட்டிலேயே இது நிகழ்ந்தது. ஆகவே பலர் கூடும் விருந்தில், அவர்களுள் முதியோரும் சிறுவரும் சூலுற்ற பெண்டிரும் இருப்பாராயின், முளைப்பயற்றை ஆவியில் வேகவைத்தே வைத்தல் வேண்டும். கோசுமல்லிக்குப் பருப்பு ஒருமணி நேரத்திற்கு மேல் ஊறவேண்டுவதில்லை என்னும் பழைய அளவு இவ்வகையிலும் காவலாக அமைகின்றது.

கோசுமல்லி செய்யும் விதம்

பந்தியில் இலையோரத்தில் இடும் அளவாயின் 20 பேர்க்குப் போதுமான கணக்கு வருமாறு: பயத்தம்பருப்பு 250 கிராம், பிஞ்சு வெள்ளரிக்காய் அரை கிலோ, காரட் 200 கிராம், கிளிமூக்கு மாங்காயிற் பாதி, தேங்காய்த் துருவல் அரை மூடி, பச்சைமிளகாய் 4, இஞ்சி ஒரு சிறு துண்டு, எலுமிச்சம்பழம் 2, கொத்தமல்லித் தழை ஒரு பிடி, நல்லெண்ணெய் 2 தேக்கரண்டி, கடுகு 1 தேக்கரண்டி, பெருங்காயம் ஒரு சிட்டிகை, உப்பு வேண்டுமளவு. காரட் முன்னாளில் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்று ஒதுக்கப்பட்டது. நீலகிரி மலையில் ஐரோப்பியர் பயிரிட்டுப் பரவிய காய்களுள் அதுவும் ஒன்று. இன்று அஃதில்லாத கோசுமல்லி அரிது. பழமையானவற்றுள்ளும் புதியன புகுந்து பழமையாகிவிடும் என்பதற்கு இஃதொரு சான்று.

முதலிற் பருப்பை மும்முறை நீர் மாற்றிக் கழுவுக. பின்னர்க் காய்ச்சி ஆறிய நீரில் ஊறவைக்க. வேகவைக்காமல் உண்ணப் போகின்றோம் ஆதலின், குழாய் நீரை அப்படியே பயன்படுத்தல் ஆகாது. முக்கால் மணி நேரத்திற்குப்பின் ஒரு பருப்பை எடுத்து நகத்தாற் கிள்ளிப் பார்க்க. நடுவிற் கடினம் இன்றிப் பிளவுபடுமாயின் பதம் வந்ததென்க. நீரை முற்றிலும் வடித்து, தூய துணியிற் பரப்பிச் சிறிது நேரம் ஈரம் போக விடுக. 250 கிராம் பருப்பு நீரை உண்டு ஏறத்தாழ இருமடங்கு எடையாகியிருக்கும்.

காய்களை ஓடும் நீரிற் கழுவித் தோல் சீவி, வெள்ளரியின் காம்புப் பக்கத்தை அரிந்து சிறிது சுவைத்துப் பார்க்க. காம்போடு முனையை உரசினாற் கசப்பு நீங்கும் என்பர்; கசப்பு பெரும்பாலும் அப்பக்கத்தில் தங்குவதால் அதனை அரிந்து எறிவதே பயன். காய் முழுதும் கசந்தால் முழுதையும் விலக்குக. விதை முற்றியிருப்பின் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் பொடியாக நறுக்குக. காரட்டையும் மாங்காயையும் துருவுக. மீனும் இறைச்சியும் அரிந்த கத்தியையும் பலகையையும் இவற்றிற்குப் பயன்படுத்தலாகாது.

இங்கேதான் இப்பாடத்தின் நடு உண்மை வருகின்றது. பருப்பு, காய், மாங்காய், தேங்காய், இஞ்சி, மிளகாய் யாவற்றையும் கலந்து வைக்கலாம். ஆனால் உப்பை மட்டும் இடலாகாது. உப்பு இடவேண்டிய நேரம் விருந்தினர் அமர்ந்த நேரம். ஏனெனின், வெள்ளரிக்காயின் எடையில் நூற்றுக்கு 95 பங்கு நீரே. அந்நீர் எண்ணிறந்த நுண்ணறைகளில் மெல்லிய சவ்வுகளால் அடைபட்டுக் கிடக்கின்றது. வெளியே உப்பு மிகுந்தால், உப்புக் குறைந்த உள்ளிடத்தினின்றும் நீர் சவ்வைக் கடந்து வெளியேறும். இதனையே சவ்வூடு பரவல் என்று வகுப்பிற் படிக்கின்றோம். பத்தே நிமிடங்களிற் காய் துவளும். பாத்திரத்தின் அடியில் நீர் தேங்கும். பருப்பு அதில் மிதக்கும். சுவையெல்லாம் அந்நீரோடு கரைந்துபோம். பந்திகளில் நீர் வழியும் கோசுமல்லியைக் கண்டு பரிமாறுவோரை நொந்துகொள்வோர் பலர். பிழை கரண்டியில் இல்லை, கடிகாரத்தில் உள்ளது.

ஐயுறும் மாணாக்கர் இதனைத் தாமே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள வெள்ளரித் துண்டுகளை இரண்டு தட்டுகளில் எடையிட்டு வைத்து, ஒன்றில் மாத்திரம் அரைத் தேக்கரண்டி உப்பைத் தூவுக. கால்மணி நேரத்திற்குப்பின் இரண்டையும் துடைத்து மீண்டும் எடையிடுக. உப்பிட்ட துண்டுகள் எடை குறைந்திருப்பதைக் காண்பீர்கள். ஒரு தராசும் ஒரு வெள்ளரிக்காயும் போதும். பாடநூலின் ஒரு பக்கம் உயிர்பெற்று எழும்.

தாளிப்பதிலும் காரணம் உண்டு. கடுகு, பெருங்காயம், மிளகாய் இவற்றின் மணமும் காரமும் நீரினும் எண்ணெயில் எளிதிற் கரைவன. ஆதலின் எண்ணெயைக் காய்ச்சிக் கடுகு வெடித்தபின் இறக்கி, பெருங்காயத்தை இட்டு, அவ்வெண்ணெயைக் கலவையில் ஊற்றினால் சிறிதளவே பண்டம் முழுதும் மணம் பரப்பும். கடைசியாக உப்பும், அதன்பின் எலுமிச்சஞ் சாறும் சேர்க்க. சாற்றைச் சூட்டில் ஊற்றினால் அதன் உயிர்ச்சத்து குன்றும். கையால் அளையாமல் கரண்டியாற் கிளறுக.

மொச்சைத் துவையலும் காய்த்துண்டுகளும்

தை மாதத்தில் உரித்த பச்சை மொச்சைக் கொட்டை அரை கிலோ வாங்குக. மிகுதியான நீரைக் கொதிக்கவிட்டு அதில் இட்டு, மூடாமல், இரு விரலால் நசுக்கினால் மசியுமளவும் வேகவிடுக. அரைமணி நேரம் வரை ஆகலாம். நீரை வடித்துக் கொட்டி, ஆறியபின் ஒவ்வொரு கொட்டையையும் விரல்களுக்கிடையே பிதுக்கினால் தோல் கழன்று, உள்ளிருக்கும் பருப்பு வெளிப்படும். ஊறிய மொச்சையைத் தோல்நீக்கி எடுப்பதைப் பிதுக்குப் பருப்பு என்று வழங்குவர். இதுவும் அதன் உடன்பிறப்பே. வீட்டிலுள்ள சிறுவரை இவ்வேலைக்கு அமர்த்தினால் மகிழ்வோடு செய்வர். சில கொட்டைகள் சுவரிற் போய் மோதுவதைப் பொருட்படுத்தலாகாது.

அப்பருப்போடு கால் மூடித் தேங்காய், வாணலியில் வதக்கிய 4 பச்சைமிளகாய், இஞ்சி, சிறிது சீரகம், உப்பு சேர்த்துக் கெட்டியாக அரைக்க. நீர் வேண்டின் காய்ச்சி ஆறிய நீரையே சிறிது தெளிக்க. அரைத்தபின் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாற்றைப் பிழிந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டுக. அம்மியில் அரைத்தது சிறிது திரிதிரியாகவும், மின்யந்திரத்தில் அரைத்தது வெண்ணெய் போலவும் அமையும்; தோய்த்துண்பதற்கு இடைநிலையே சிறந்தது. வெள்ளரி, காரட், இளமுள்ளங்கி இவற்றை விரல் நீளத்திற்கு அரிந்து, உப்பிடாமல், சூழ அடுக்கி வைக்க. ஒவ்வொருவர்க்கும் சிறு கிண்ணத்தில் தனித்தனியே துவையல் வைப்பது நன்று. ஒருவர் கடித்த துண்டை மீண்டும் பொதுக் கிண்ணத்தில் தோய்ப்பது நம் எச்சில் வழக்கத்திற்கும் ஒவ்வாது, சுகாதார நூலுக்கும் ஒவ்வாது. மொச்சை கிடையாத மாதங்களில் வேகவைத்த கொண்டைக்கடலையையோ காராமணியையோ இவ்வாறே ஆக்கலாம்.

காலமும் வெப்பமும்

இப்பதார்த்தங்களுக்குப் பெரும்பகை சென்னையின் வெப்பமே. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையுள்ள வெப்பநிலையில் நோய்க்கிருமிகள் விரைந்து பெருகும் என்பர் சுகாதார நூலார். ஈரமுள்ள ஆக்கிய உணவு அந்நிலையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருத்தலாகாது. காற்றின் வெப்பம் 32 டிகிரிக்கு மேற்பட்டால் ஒருமணி நேரமே எல்லை. சென்னையிற் சித்திரை, வைகாசிப் பகல்கள் 32 டிகிரிக்கு உட்படுவது அரிது. 40ஐ எட்டும் நாட்களும் உண்டு. தேங்காய் சேர்ந்த பண்டம் விரைவிற் புளிக்கும் என்பதை நம் பாட்டிமார் நன்கு அறிவர். ஆகவே பருப்பையும் காயையும் தனித்தனியே குளிர்ப்பெட்டியில் வைத்திருந்து, விருந்தினர் வந்தபின் ஒருபாதியை மட்டும் கலந்து வைத்து, அது தீர்ந்தபின் மறுபாதியைக் கலப்பதே தக்க முறை. மிஞ்சியதை மறுநாளுக்கு வைத்தல் சிக்கனமாகாது. மருத்துவர்க்குக் கொடுக்கும் பணத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

உடலுக்கு ஆவது யாது?

பயத்தம்பருப்பின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கு புரதம். மேற்கூறிய 250 கிராமை 20 பேர்க்குப் பகிர்ந்தால் ஒருவர்க்குக் கிடைப்பது 3 கிராமே. ஆதலின் ஒரு கரண்டிக் கோசுமல்லியால் உடல் வலுக்கும் என்று மிகைபடக் கூறுதல் ஒவ்வாது. ஆயினும் அரிசியிற் குறைவான லைசின் என்னும் பகுதி பயற்றில் நிரம்ப உண்டு. பயற்றிற் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கும் நட்பு இவற்றினுடையது.

இன்னும் பெரிய நன்மை ஒன்று உளது. 2019 முதல் 2021 வரை நிகழ்ந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர். பயறுகளில் இரும்புச்சத்து இருப்பினும், அதனை உடல் எளிதிற் கவர்வதில்லை. எலுமிச்சையிலும் மாங்காயிலும் உள்ள ‘சி’ உயிர்ச்சத்து அவ்விரும்பை உடல் ஏற்கும்படி செய்கின்றது. சுவைக்கென்று பிழிந்த சாறு மருந்தாகவும் துணைசெய்கின்றது. இதற்கு எதிராக, காப்பியும் தேநீரும் இரும்பு உட்செல்வதைத் தடுக்கும். மயிலையில் டிகிரி காப்பி இன்றி விருந்து முற்றுப்பெறாது என்பதை யாம் அறிவோம். அதனை நிறுத்துக என்று கூறும் துணிவு எமக்கில்லை. உணவுண்டு ஒருமணி நேரம் கழித்து அருந்துக என்று மட்டும் பணிவோடு கூறுவோம். உரையாடல் அதுவரை நீளுமாயின் விருந்திற்கும் நன்றே.

முடிவுரை

1951ஆம் ஆண்டில் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ என்னும் நூலை வெளியிட்டபோது, தாய்வாய்க் கேள்வியாகவே வந்த சமையற் பக்குவங்கள் அளவும் முறையும் பெற்று ஏட்டில் ஏறின. அவ்வளவுகளுக்குக் காரணம் காண்பது இத்தலைமுறையின் கடமை. எத்துணை நேரம் ஊறவேண்டும், எந்நீரைக் கொட்டவேண்டும், உப்பை எப்பொழுது இடவேண்டும் என்பவற்றை நம் வீட்டு முதியோர் காரணம் கூறாமலே காத்துவந்தனர். காரணம் கூறப்படாதது காரணமற்றது என்று இளையோர் எண்ணிவிடுதல் எளிது. அவ்வாறு எண்ணி விட்டுவிட்ட ஒரு சிறு வழக்கம், வடித்துக் கொட்டாத ஒரு குவளை நீர், ஒரு குடும்பத்தையே நோயிற் படுக்கவைத்தல் கூடும்.

விருந்தினர் ஒருவர் நம் வீட்டில் அமர்ந்து இலையிற் கைவைக்கும்போது, ‘இப்பருப்பு எந்நீரில் ஊறியது? இம்மொச்சை எத்துணை நேரம் வெந்தது?’ என்று வினவுவதில்லை. வினவாமல் உண்பதே அவர் நமக்குச் செய்யும் பெருமை. அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையராய் இருத்தலே விருந்தோம்பலின் முதற்படி. இன்முகமும் இன்சொல்லும் அதன்மேல் அமைவன. இக்கட்டுரையைப் படிக்கும் மாணாக்கர், ஆடவராயினும் மகளிராயினும், அடுத்த விடுமுறையில் தத்தம் வீட்டு அடுக்களையில் புகுந்து, அன்னையாரிடமோ பாட்டியாரிடமோ ஒரு பக்குவத்தைக் கேட்டு எழுதி, அதன் ஒவ்வோர் அளவிற்கும் ஏன் என்று வினவி விடைகாண முயல்வாராக. கோசுமல்லியில் தொடங்குதல் எளிது. உப்பை மட்டும் கடைசியில் இடுக.